பூதத்துக்கு இருபது, மனுசிக்குப் பத்து

முதலில் கேட்டது கல் நகர்கிற சத்தம். சங்குமுனையில் பன்னிரண்டு வீட்டுக் காம்பவுண்டில் விளக்கெல்லாம் அணைந்து, கடைசி வீட்டு டிவியும் ஓய்ந்த பிறகு, யாரோ ஒரு மலையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம் முற்றத்தில் எழுந்து, ஜெசிந்தாவின் வாசலைத் தாண்டி, குழாயடி வரைக்கும் போய் நின்று, கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி வந்த வழியே திரும்பிப் போனது. ஜெசிந்தா எட்டு மாதப் பிள்ளை ஜோவனைத் தொட்டிலிலிருந்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபங்களைப் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலுமாக முணுமுணுத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

தாழ்ப்பாள் போடக்கூடாது, அந்தக் காம்பவுண்டில் அது சட்டம். கடலுக்குப் போனவன் கரை சேருகிறவரைக்கும் அவன் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தாழ் போடக்கூடாது, போட்டால் கடலும் அவனுக்குத் தாழ் போட்டுவிடும் என்று, புருசன் டெல்வினின் அக்காவும் அடுத்த வீட்டுக்காரியுமான பிலோமி மைனி, ஜெசிந்தா கல்யாணமாகி வந்த மறுவாரமே சொல்லி வைத்திருந்தாள். டெல்வின் சரக்குக் கப்பலில் பிட்டர், இயந்திரம் பழுது பார்க்கிற வேலை, ஏறினால் ஒன்பது மாதம். அந்த வீட்டுத் தாழ்ப்பாள் தொட ஆளில்லாமல் துருவேறி, கதவோடு கதவாக இறுகிப்போயிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள், ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி அந்தக் கதவு வெளியிலிருந்து ஒரு சாண் அளவுக்குத் திறந்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, சத்தமில்லாமல் மறுபடி சாத்திக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்தாள். பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. மைனியிடம் சொன்னதற்கு, “காத்தா இருக்கும்ளா, பயந்தாங்குளி” என்றாள் மைனி. அன்றைக்கு ராத்தூக்கத்தை விட்ட ஜெசிந்தா, முழித்திருக்க ஒரு வேலை வேண்டுமே என்று, எழுத உட்கார்ந்தாள்.

அவள் எழுதியது ஒரு விளையாட்டு. போன தடவை வந்தபோது டெல்வின் ஏதோ ஒரு துறைமுகத்து நடைபாதையில் வாங்கி வந்த அட்டைப்பெட்டிக்குள், தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் இருபது முகம் வைத்த ஒரு பகடையும் இருந்தன. கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கு ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அந்த இனத்து ஆளாகவே பேச வேண்டும், நடக்க வேண்டும், சண்டை போட வேண்டும். ஒருத்தர் மட்டும் எந்த இனத்திலும் சேராமல் கதையை நடத்திக்கொண்டு போக வேண்டும். காம்பவுண்டில் இங்கிலீஷ் படிக்கிற ஆள் ஜெசிந்தா ஒருத்திதான் என்பதால், ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பக்கமாகக் கோடு போட்ட நோட்டில் அதைத் தமிழில் எழுதி முடித்தாள். அதில் நடுப்பக்கம்தான் எல்லோருக்கும் பிடித்தது. எந்த இனத்துக்கு எவ்வளவு உடல்பலம் என்று புத்தகத்தில் இருந்த கணக்கை, ரேங்க் கார்டு எழுதுகிற மாதிரி ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து எழுதியிருந்தாள். பூதம் இருபது. காளைத்தலையர் பதினெட்டு. குள்ளர் பதினாறு. பல்லித்தோலர் பதினான்கு. மனுசர் பத்து. கூர்க்காதர் ஒன்பது.

கல் நகர்ந்த ராத்திரிக்கு முந்தின சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் பாய் விரித்து அதை வாசித்தாள்.

“பூதத்துக்கு இருபது, மனுசிக்குப் பத்தா?” என்றாள் எதிர்வீட்டு மொனிக்கா அக்கா. ஒல்லி, காற்றடித்தால் துணிக்கொடியைப் பிடித்துக்கொள்கிறவள். “அப்ப மனுசியா எவ இருப்பா. அதான் தெனமும் இருந்து சீரழியிறோமே. என்னைய பூதத்துல போடு.”

அவள் புருசன் அருளப்பன் புத்தகத்தில் இருந்த படங்களைப் புரட்டினார். “இந்தா, வில்லோட நிக்கிறானே, இவன் எனக்கு. மூஞ்சி களையா இருக்கு.”

“மாமா, அது கூர்க்காதர். பலம் ஒன்பதுதான்.”

“மூஞ்சிக்கு எத்தன?”

“மூஞ்சிக்கு நம்பர் இல்ல மாமா.”

“நம்பர் போட முடியாத மூஞ்சின்னு எழுதிக்க.” அவர் தம்பியும் அதையே எடுத்துக்கொண்டான்.

வலை பின்னுகிற பனிமயம், ஆறடிக்கு மேலே இரண்டு அங்குலம், நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “குள்ளனுக்குப் பதினாறு, வில்லு வச்சிருக்கிற நெட்டையனுக்கு ஒம்பதா? எந்த ஊரு நியாயம் இது?”

“குள்ளங்க காலங்காலமா சுரங்கத்துல பாறை ஒடைச்சவங்களாம் அண்ணே. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்ப சரி. உழைச்ச கட்டை. குள்ளனாவே போடு” என்றார் பனிமயம், நிலைப்படியில் இடிக்காமலிருக்கக் குனிந்து பழகிய முதுகோடு. பிலோமி மைனி மட்டும் சேரவில்லை. தன் வாசலில் நின்றபடியே, “இருக்கிற ஒடம்ப வச்சுப் பொழைக்கத் தெரியல, இதுல பூதமாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விடிந்ததும் பார்த்தால், நாலு ஆம்பிளைகள் சேர்ந்து முப்பது வருசத்துக்கு முன் போட்ட துவைகல் இடம் மாறி, மொனிக்கா அக்காவின் வாசலுக்கு நேரே நிழலில் கிடந்தது. “தூக்கம் வரல, சும்மா தள்ளிப் பாத்தேன், வந்துட்டு” என்றாள் அவள். “வெயில்ல துவைச்சுத் துவைச்சு எம் முதுகு கருகுனது போதும்.” யாரும் வாயைப் பிளக்கவில்லை. அருளப்பன் தன் கையைப் பார்த்தார், பனிமயம் தன் கையைப் பார்த்தார், பிறகு எல்லோருமாகக் கல்லைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்து, யார் யாருக்கு நோட்டில் என்ன எண்ணோ அது உடம்பிலும் இருக்கிறது என்பதைக் காப்பி குடிக்கிற நேரத்துக்குள் தெரிந்துகொண்டு, அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அந்த வாரத்துக்குள் சங்குமுனை அதற்குப் பழகிவிட்டது. தண்ணீர் லாரி மணலில் புதைந்தால் டிரைவர் ஹாரனை இரண்டு தடவை அடிப்பான், மொனிக்கா அக்கா அரிவாள்மணையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, ஒரு கையால் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போய் மறுபடி மீன் ஆய்வாள். பக்கத்துத் தெருக்காரர்கள் வரிசையில் நின்று நோட்டில் பேர் எழுதிக்கொண்டார்கள். பல்லித்தோலர் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு பூதத்தைச் சாய்க்கலாமா என்று நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது, முடிவு தெரியவில்லை, சண்டை மட்டும் மிச்சம். பெண் பார்க்கப் போன வீட்டில், “மாப்ள என்ன இனம்?” என்று கேட்டு, கூர்க்காதர் என்றதும், “வீட்டுல சிலிண்டர் மாத்த ஆளு வேணுமே” என்று இழுத்தார்கள். பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிற அதே குரலில், “பூத இனத்தார் சமாதான வாழ்த்தின்போது கை குலுக்க வேண்டாம், கைகூப்பினால் போதும், போன வாரம் உபதேசியாருக்கு இரண்டு விரல் வீங்கிவிட்டது” என்று அறிவித்தார். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் அருளப்பன் பெண்டாட்டியிடம் நீட்ட, அவள் மூடியை மட்டும் திருகாமல் கழுத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, “மூஞ்சியால தொறக்க வேண்டியதுதானே” என்றாள். காம்பவுண்டு முழுக்கச் சிரித்தது. கல்யாண வீடு மாதிரி இருந்தது ஒவ்வொரு நாளும்.

ஜெசிந்தாவும் பகலெல்லாம் சிரித்தாள். நோட்டு அவளுடையது, எண்கள் அவள் கையெழுத்து; குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் போனால் பெரிய மனுசர்கள் வழிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் மட்டும் அடிக்கடி கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதை நடத்துகிறவள் என்பதால் அவளுக்கு இனம் கிடையாது. ஊரெல்லாம் பதினாறும் இருபதுமாக நடமாட, அவள் மட்டும் பழைய பத்து. கதவை ஒரு சாண் திறக்கிற அந்தக் கை யாருடையது என்று இன்னும் தெரியாது. அந்தக் கையிலும் இப்போது எவ்வளவு பலமோ.

ஒருநாள் மத்தியானம் துணிந்து, தாழ்ப்பாளில் தேங்காயெண்ணெய் விட்டாள். அசைகிறதா என்று பார்க்கத்தான். பின்னாலேயே வந்து நின்ற பிலோமி மைனி அடுப்படிக்குப் போய், ஒரு பிடி சாம்பல் எடுத்து வந்து, எண்ணெயை ஒட்டத் துடைத்து, “எந் தம்பி தண்ணிக்கு மேல நிக்கான்ளா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஜெசிந்தாவுக்குக் காது கொதித்தது. அன்று ராத்திரி, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்களுக்குப் பட்டப்பேர் வைத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாளே, அதே மாதிரி, அதே கடைசிப் பக்கத்தில், பென்சிலை அழுத்தி எழுதினாள்: பிலோமி. காளைத்தலை. பதினெட்டு. எழுதிவிட்டுச் சிரித்தாள். காலையில் மனசு குத்தவே ரப்பரால் அழித்தாள். எழுத்து போய்விட்டது. தாளில் விழுந்த பள்ளம் போகவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு மைனி வீட்டில் சாமான்கள் உடைந்தன. சீப்பு இரண்டாக முறிந்தது, குழாய் திருகு கையோடு வந்தது, இட்லிச் சட்டியின் காது கழன்றது. “இப்ப வர்ற சாமான் ஒண்ணாவது உருப்படியா இருக்கா” என்று மைனி கடைக்காரரைத் திட்டிக்கொண்டு திரிந்தாள். தான் எந்த இனத்திலும் சேரவில்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்தோணியார் திருவிழா வந்தது. சப்பரம் தூக்கும் ஒத்திகையில் வலது பக்கம் பூதங்களாக நின்றுவிட்டதால், புனிதர் இடது பக்கம் சரிந்து கடல் பக்கமாக எட்டிப் பார்த்தார். பங்குச்சாமி ஜெசிந்தாவை வரச்சொல்லி, “நீயே பிரிச்சுக் குடும்மா, இது உன் பாடம்” என்றார். பெண்கள் தோள் கொடுப்பதா என்று ஒருவர் முனகியதற்கு, “தூக்க வேண்டியது பலம். அது சேலை கட்டியிருந்தா என்ன” என்று அவரே வாயை அடைத்தார். ஜெசிந்தா ஒரு சாயங்காலம் முழுக்கக் கூட்டிக் கழித்து எழுதினாள்: இடது பக்கம் இரண்டு பூதம், இரண்டு பல்லித்தோலர், மொத்தம் அறுபத்தெட்டு. வலது பக்கம் மொனிக்கா அக்கா, அவளோடு பனிமயமும் இன்னும் இரண்டு குள்ளரும், மொத்தம் அறுபத்தெட்டு. அந்தத் தாள் கோயில் பலகையில் ஒட்டப்பட்டது.

திருவிழா அன்று, பேண்டு முழங்க, வெடிப்புகை கலைய, பூ அலங்காரத்தோடு சப்பரம் எழுந்தபோது, ஒரு மயிரிழை சாயாமல் எழுந்தது. தெருவே கை தட்டியது. ஜெசிந்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் கணக்குக்கு மெடல் வாங்கிய அன்றைக்குக்கூட இப்படி வரவில்லை. கிழக்கு மூலை திரும்பும்போது பிலோமி மைனி, வருசாவருசம் செய்கிற நேர்ச்சைப்படி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வலது பக்கத் தண்டுக்கு அடியில் ஒரு கையை மட்டும் கொடுத்தாள். வலது பக்கம் ஒரு முழம் மேலே போனது. புனிதர் இடது பக்கம் சரிந்தார், கையிலிருந்த பாலகனும் சரிந்தார், பேண்டு வாசித்தவன் வாய் குழலிலேயே நின்றது. “ஏய், எடது, எடது” என்று ஆயிரம் குரல். அருளப்பனும் அவர் தம்பியும், அதுவரை குடை பிடிக்க மட்டும் லாயக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த இரண்டு கூர்க்காதர்கள்தான், குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இடது தண்டுக்குத் தோள் கொடுத்தார்கள். சப்பரம் நேராயிற்று. கோயில் வாசல் வரைக்கும் நேராகவே போயிற்று.

“பாத்தியாளா, களையான மூஞ்சி காப்பாத்துச்சு” என்று அருளப்பன் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மொனிக்கா அக்காவே மீனின் நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள், அதுவே ஒரு திருவிழாவாக இருந்தது.

ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தூங்கவைத்து, நோட்டைத் திறந்தாள். ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. வலது பக்கத்தில் கணக்கில் வராத ஒரு பதினெட்டு எங்கிருந்தோ வந்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் பேர்களைத் தேடினாள். காளைத்தலையர் ஊரில் ஒருத்தரும் இல்லை, கொம்பு பிடிக்கவில்லை என்று யாரும் எடுக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். விளக்கைச் சரித்துப் பிடித்ததும் பள்ளம் தெரிந்தது. விடிந்ததும் மைனி காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த அந்த நிமிசம், வெளியே வாசற்படியில் ஒரு கால் மெதுவாக வந்து நிற்பது கேட்டது.

கதவு இந்தத் தடவை ஒரு சாண் திறக்கவில்லை. கீலோடும் காரையோடும் பிய்த்துக்கொண்டு, தையல் மிஷினுக்கு மேலே பறந்து, தொட்டிலுக்கு ஒரு கை தள்ளி, எதிர்ச்சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே போய்ச் சாய்ந்து நின்றது. புழுதி அடங்கியது. ஜோவன் தொட்டிலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, கெக்கலி கொட்டிச் சிரித்தான். வாசலில் பிலோமி மைனி நின்றாள், நீட்டிய ஒற்றை விரலை மடக்க மறந்து.

“சும்மா தொட்டேன்ளா” என்றாள்.

ஜெசிந்தா பிள்ளையை எடுத்து உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். “இத்தன மாசமா நீங்கதானா மைனி? நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். காத்துன்னு சொன்னீங்க.”

“தாழ் போட்டிருக்கியான்னு பாக்க வந்தேன். வேற என்னத்துக்கு வாறேன்.” மைனி நிலைக்கால் ஓரமாக உட்கார்ந்தாள். “பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில இருக்கா, பயத்துல போட்டுருவாளேன்னு. எனக்குத் தெரியும்ளா அந்தப் பயம். நான் போட்டேன் ஒருநாள். கல்யாணமாகி நாலு மாசம். ராத்திரி பேய்க்காத்து. யாரோ கதவை ஒலுக்குற மாதிரி இருந்துச்சு, தாழ்ப்பாளைப் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரவிய அன்னைக்கு வள்ளத்துல மீனுக்குப் போனவிய.” “பத்தொம்பது வருசமா எங் கதவு தொறந்துதான் கெடக்கு. வரல.”

ஜெசிந்தா இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடினாள், கைக்கு அகப்படவில்லை. அவளும் கீழே உட்கார்ந்தாள். “மைனி, நான் ஒண்ணு சொல்லணும். உங்களுக்குத் தெரியாம உங்க பேரை எழுதினேன். காளைத்தலைன்னு.”

மைனி தன் விரலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். சீப்பு, குழாய், இட்லிச் சட்டி எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. “எத்தன?”

“பதினெட்டு.”

“மொனிக்காவுக்கு?”

“இருபது.”

“ஏன், எனக்கு ஒரு இருபது போட்டா உன் பென்சில் தேஞ்சிருமோ?”

அதற்குள் காம்பவுண்டு மொத்தமும் கூடிவிட்டது. மொனிக்கா அக்கா கதவை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொள்ள, பனிமயம் கீலுக்கு ஆணி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. அருளப்பன் விளக்கு பிடித்தார். கதவு நிலையில் சரியாக உட்கார்ந்ததும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பார்த்தால் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் மோதிய மோதலில் துரு முழுக்க உதிர்ந்து, புதுசாக வாங்கி வந்ததுபோல் முன்னும் பின்னும் ஓடியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. பூதங்கள்கூட ஒரு எட்டு பின்னால் போய் நின்றன.

அந்த நேரம் பார்த்து டெல்வின் வீடியோவில் கூப்பிட்டான். கப்பலில் நெட்வொர்க் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு சொன்னார்கள், சப்பரம், விரல், கதவு எல்லாம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் ஜெசிந்தா கேட்டாள், “தாழ் போடவா?”

“இது என்னளா கேள்வி. நீ போடாமலா இருந்த?” அவன் சிரிப்பு நின்றது. “இங்க காத்து கிளம்புனா மொத வேலையே கதவுதான். ஒரு கதவுக்கு எட்டுக் கொண்டி. எட்டையும் இறுக்குவோம். ஒண்ணை விட்டாலும் கடல் உள்ள வந்துரும், பெறகு நான் எங்க வர?”

மைனி போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். “டேய், அவிய வள்ளத்துக்குக் கதவே கெடையாதேடா.”

“கெடையாதுக்கா” என்றான் டெல்வின் மெதுவாக. “வள்ளத்துல ஏது கதவு. அதனாலதான் சொல்றேன், உன் கதவுக்கும் அவியளுக்கும்…” அங்கே படம் உறைந்து, நெட்வொர்க் போய்விட்டது. மைனி உறைந்த படத்தை விரலால் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். “பூதம் வந்தா இந்தத் தாழ்ப்பாள் என்ன செய்யும்?” என்று அருளப்பன் போகிறபோக்கில் கேட்க, “பூதம் ஒறங்கப் போகுது, நீரும் வாரும்” என்று மொனிக்கா அக்கா அவரைச் சட்டைக் காலரோடு தூக்கிக்கொண்டு போனாள்.

“மைனி, உள்ள வாங்க” என்றாள் ஜெசிந்தா. பிலோமி மைனி தன் வீட்டுத் திறந்த வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். கதவு சாத்தியாயிற்று. பிள்ளை தூங்கிவிட்டான்.

“நீங்களே போடுங்க.”

மைனி தாழ்ப்பாளைப் பிடித்தாள். சப்பரத்தை ஒரு முழம் உயர்த்திய கை, கதவைக் கீலோடு பிடுங்கிய விரல், அங்கேயே நின்றுவிட்டது. பதினெட்டும் அங்கே செல்லவில்லை. ஜெசிந்தா, எந்த நோட்டிலும் பேர் இல்லாத பத்து, தன் கையை அந்தக் கைமேல் வைத்து, சின்னப் பிள்ளைக்கு எழுத்து பழக்குகிற மாதிரி, பக்கவாட்டில் தள்ளினாள். தாழ்ப்பாள் போய் உட்கார்ந்தது.